பூஜ்யம் காட்டிய மீட்டர்

என் இடது கண்ணை யாரும் பிடுங்கல. நானாத்தான் கொடுத்தேன். நல்லா இருந்த கண்ணு, கண்ணாடி கூடப் போட்டதில்ல. நாட்டுக்காகத் தியாகம் பண்ணிட்டீங்கன்னு பேப்பர்காரங்க எழுதினாங்க. தியாகமாவது மண்ணாங்கட்டியாவது. ஒருத்தனைப் பழிவாங்கணும், அதுக்குக் கொடுத்தேன்.

அவன் பேரு தங்கப்பிரகாசம். துவாக்குடியில சுடர் டெஸ்டிங்னு ஒரு ஷெட் வெச்சிருந்தான். பாய்லர், பெரிய பெரிய குழாய் எல்லாம் வெல்டிங் வெச்சு ஒட்டுவாங்கல்ல, அந்த ஒட்டுக்குள்ள விரிசல் இருந்தா வெளியிலேர்ந்து தெரியாது. காமா கதிரை விட்டுப் படம் எடுத்துப் பார்க்கணும். கை எலும்பு முறிஞ்சா நமக்கு எக்ஸ்ரே எடுக்கறாங்களே, அதையே இரும்புக்கு எடுக்கறது. என் வீட்டுக்காரர் அமல்ராஜுக்கு அங்கதான் வேலை.

அந்த வேலை பார்க்கறவங்க சட்டையில ஒரு பேட்ஜ் குத்திக்கணும். உடம்புல எவ்வளவு கதிர் பட்டுச்சுன்னு அந்த பேட்ஜ் சொல்லும். வருஷத்துக்கு இவ்வளவுதான்னு ஒரு அளவு இருக்கு. தாண்டிட்டா வேலைக்கு வராதேன்னுடுவாங்க, வீட்டுல உட்கார வேண்டியதுதான். அதனால சுடர்ல ஒரு வழக்கம். உள்ள நுழைஞ்சதும் எல்லாரும் பேட்ஜைக் கழற்றி ஆபீஸ்ல இருக்கற ஈயப் பெட்டிக்குள்ள போட்டுடுவாங்க. சாயங்காலம் எடுத்துக் குத்திக்கிட்டு வீட்டுக்கு வருவாங்க. தங்கப்பிரகாசம் சொல்லிக் கொடுத்த வித்தை. இவங்களும் வேலை போகாம இருந்தாப் போதும்னு சந்தோஷமா செஞ்சாங்க.

"என் பேட்ஜுக்கு என்னைவிட உடம்பு நல்லா இருக்கு ரோஸ்லின்"னு என் வீட்டுக்காரரே ஒரு தடவை சிரிச்சுக்கிட்டு சொன்னார்.

"கையில மீட்டர் ஒண்ணு கொண்டு போவீங்களே, கதிர் ஜாஸ்தியானா அது கத்தாதா?"ன்னு கேட்டேன்.

"எங்க மொதலாளி மீட்டரா? அது சத்தமே போடாது. ரொம்ப சாது."

எனக்கும் சிரிப்புதான் வந்துச்சு. முட்டாள் ஜென்மங்க நாங்க ரெண்டு பேரும்.

கொஞ்ச நாள்லயே அவருக்குப் பல் விளக்கினா ஈறுல ரத்தம் வந்துச்சு. அப்புறம் மூக்குல. அப்புறம் உடம்புல ரத்தம் ஊறறதே நின்னுபோச்சுன்னு டாக்டர் சொன்னார். நாப்பது வயசு கூட ஆகல அந்த மனுஷனுக்கு. பெரிய பெரிய இரும்பை எல்லாம் புரட்டின கை, கடைசியில ஒரு டம்ளர் தண்ணியைப் பிடிக்க முடியாம நடுங்குச்சு.

அவர் செத்ததும் கேஸ் போட்டேன். பேட்ஜைக் கொண்டாந்து காட்டினாங்க, பூஜ்யம். மீட்டர் ரிப்போர்ட்டைக் காட்டினாங்க, அதுவும் பூஜ்யம். கூட வேலை பார்த்தவங்க ஒருத்தரும் வாயைத் திறக்கல, அவங்களுக்கும் பொண்டாட்டி பிள்ளை இருக்கே. தங்கப்பிரகாசத்தோட வக்கீல் என்கிட்ட வந்து கேட்டான், "காமா கதிர் பட்டுச்சுன்னு சொல்றீங்களேம்மா, அதை நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

கோர்ட்டே சிரிச்சுது. பின்னாடி உட்கார்ந்திருந்த தங்கப்பிரகாசம் கர்ச்சீப்பால வாயை மூடிக்கிட்டு சிரிச்சான். அந்தக் கர்ச்சீப் இன்னிக்கும் என் கண் முன்னாடி நிக்குது. பார்க்கறேன்டா, கண்ணாலயே பார்க்கறேன்னு அந்த இடத்துலயே மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

அதுக்கு வழியும் வந்துச்சு. எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில தூக்கிப் போட்ட கதிர் மிஷின், காயலான் கடை இரும்போட சேர்ந்து உருகிடுச்சு. அந்த இரும்பு கேட், டம்ளர், கட்டில்னு ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துச்சு. சனங்க அலறிட்டாங்க. மீட்டரை வெச்சுப் பார்க்கலாம்னா மீட்டரையே திருத்தி வெக்கிற ஆளுங்க நாட்டுல ஜாஸ்தி. அதனால எல்லாக் கதிரையும் பார்க்கற மாதிரி ஒரு கண்ணைச் செஞ்சு, அதை மனுஷங்களுக்கே வெச்சு, கதிர் ஆய்வாளர்னு அரசாங்கம் வேலைக்கு எடுத்துச்சு. கருவியைத் திருத்தலாம், மனுஷனைத் திருத்த முடியாதுன்னு நினைச்சாங்க போல. சனங்க எங்களுக்கு வெச்ச பேரு கண்ணுக்காரங்க.

எனக்குக் கண்ணு வெச்சுப் பழக்கிவிட்டது முபீனா. என் வயசுதான், இன்ஜினியர். வாய் ஓயவே ஓயாது. என் காதுக்குப் பின்னாடி ஒரு சின்னத் திருகு வெச்சிருந்தா. அதைத் திருப்பினா ஒவ்வொரு கதிரா மாறும்.

"எல்லாமே வெளிச்சம்தான் ரோஸ்லின். ஒரே குடும்பம். அலை நீளம்தான் வேற வேற,"ன்னா. "நீளமான பக்கத்துலேர்ந்து வருவோம். இது ரேடியோ. சாது. பாட்டு, செய்தி, எல்லாம் இதுலதான் வருது."

பார்த்தேன். ஜன்னலுக்கு வெளிய டவர் ஜகஜ்ஜோதியா நின்னுச்சு. சுவரையே காணோம்.

"அடுத்தது நுண்ணலை. சோறு சூடு பண்ற மைக்ரோவேவ் அடுப்பு, செல்போன், ரேடார்."

நடந்து போற ஒவ்வொருத்தர் பாக்கெட்லயும் ஒரு மினுக்கு.

"இது அகச்சிவப்பு. சூடு எல்லாம் வெளிச்சமாத் தெரியும். டிவி ரிமோட்டும் இதுலதான் வேலை செய்யுது."

முபீனா முகம் தகதகன்னு எரிஞ்சுது. மூக்கு நுனி மட்டும் கறுப்பு. "உன் மூக்கு என்ன இவ்வளவு சில்லுனு இருக்கு?"ன்னேன்.

"ஏசி. பயந்தாலும் அப்படித்தான் ஆகும். ரத்தம் உள்ள ஓடிடும், மூக்கு முதல்ல குளிர்ந்து போகும். உன்கிட்ட இனிமே யாரும் பயத்தை மறைக்க முடியாது." திருகை இன்னும் கொஞ்சம் தள்ளினா. "நடுவுல இத்துனூண்டு கீத்து இருக்கு பாரு, இதுதான் நாம இத்தனை நாளா உலகம்னு நம்பிக்கிட்டு இருந்தது. சிவப்புலேர்ந்து ஊதா வரைக்கும். இதுக்கு அந்தாண்ட புற ஊதா. கள்ளநோட்டு பிடிக்கலாம், தண்ணியில கிருமி கொல்லலாம். வெயில்ல தோல் கறுக்குதே, இவன் வேலைதான். அப்புறம் எக்ஸ்ரே, உனக்கே தெரியும். கடைசியா காமா."

திருப்பினா. ஒண்ணுமே தெரியல. கும்மிருட்டு. அங்கங்க தூசி மின்னற மாதிரி ரெண்டு புள்ளி.

"கண்ணு போச்சா முபீனா?"ன்னு பதறிட்டேன்.

விழுந்து விழுந்து சிரிச்சா. "அங்க இருட்டுதான்டி நல்ல சேதி! அந்தப் புள்ளி எல்லாம் கிரானைட் தரையிலேர்ந்து வரும், வாழைப்பழத்துலேர்ந்து கூட வரும், பயப்படாத. பளிச்சுனு ஏதாவது தெரிஞ்சா, குழந்தை குட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடிடு. ஆஸ்பத்திரியில கேன்சர் கட்டியைக் கொல்றதும் அதுதான், தையல் போடற ஊசியும் நூலும் கிருமி போகச் சுத்தம் பண்றதும் அதுதான். அடக்கி வெச்சா நல்லவன்."

"அடக்கி வெக்கலன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்,"ன்னேன்.

அவ சிரிப்பு நின்னுபோச்சு. "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க. மத்ததை எல்லாம் இந்தக் கண்ணு படமாப் பதிஞ்சு வெச்சுக்கும். காமாவை மட்டும் பதியாது, சிப்பு தாங்காது. அங்க உன் வாய்தான் சாட்சி. அதனாலதான் உங்ககிட்ட சத்தியம் வாங்கறாங்க,"ன்னா.

பைபிள் மேல கை வெச்சு சத்தியம் பண்ணேன். கண்டதைச் சொல்வேன், காணாததைச் சொல்ல மாட்டேன்னு.

வேலையில சேர்ந்ததும் முதல்ல சுடருக்குத்தான் ஓடினேன். போய்ப் பார்த்தா அங்க டெஸ்டிங்கே இல்ல! ஷெட்டை ஸ்டீல் பீரோ, கட்டில் செய்யற இடமா மாத்திட்டான். எல்லாக் கதிர்லயும் மூலை முடுக்கு விடாமப் பார்த்தேன். காமாவில இருட்டுன்னா அப்படி ஒரு இருட்டு. எல்லாத்தையும் துடைச்சு எடுத்துட்டான் கிராதகன்.

"என்னம்மா, ஏதாச்சும் தெரியுதா?"ன்னு கேட்டான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியல. எப்படித் தெரியும்? கோர்ட்ல என் முகத்தை ஒரு தடவை கூட நிமிர்ந்து பார்க்கலையே.

"இல்ல சார்."

"நம்ம இடம் எப்பவுமே சுத்தம்மா. டீ குடிச்சிட்டுப் போங்க."

டீயைக் குடிச்சேன். குடிச்சிட்டு வெளிய வந்து வண்டியைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். ஒத்தக் கண்ணுலதான் தண்ணி வந்துச்சு, இன்னொண்ணுல வராது. ஒரு கண்ணைத் தோண்டிக் கொடுத்தும் அவனை ஒண்ணும் செய்ய முடியலையேன்னு வயிறு எரிஞ்சுது.

அந்த இரும்பு பயம் வந்ததுலேர்ந்து ஊர்ல ஒரு புதுப் பழக்கம். பால் காய்ச்சினாலும் சரி, குழந்தைக்குப் பேர் வெச்சாலும் சரி, ஐயரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு கண்ணுக்காரங்களைக் கூப்பிட்டு வீட்டைப் பார்க்கச் சொல்லிடுவாங்க. ஒருநாள் கே.கே.நகர்லேர்ந்து இலக்கியான்னு ஒரு பொண்ணு ஆபீஸுக்குப் போன் பண்ணி, பாப்பாவுக்குப் பேர் வெக்கறோம், வந்து பார்க்கணும்னு கேட்டுச்சு. போனேன். வாசல்ல பேர்ப்பலகை. தங்கப்பிரகாசம்.

மாவிலை கட்டியிருந்தாங்க. அவன் மகன் சமையல்காரரைக் கூட்டிட்டு வரப் போயிருந்தான். வீட்டுல இருந்தது மருமக இலக்கியாவும் தங்கப்பிரகாசமும்தான். "வாங்கக்கா வாங்க, காபி குடிக்கறீங்களா?"ன்னா அந்தப் பொண்ணு. பிள்ளை பெத்த உடம்பு, கண்ணுல தூக்கமே இல்ல. சொல்லக் கூடாது, நல்ல பொண்ணு.

ஒழுங்கா வேலையைப் பார்த்தேன். அகச்சிவப்புல ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி ஒயர் ஒண்ணு காந்தறது தெரிஞ்சுது, மாத்தச் சொன்னேன். நுண்ணலையில மைக்ரோவேவ் அடுப்புக் கதவுல கசிவு, ரப்பரை மாத்தச் சொன்னேன். ரெண்டும் நிஜம். இலக்கியா கையெடுத்துக் கும்பிடாத குறை.

கடைசியா பாப்பா ரூம். உத்தரத்துல கொக்கி, கொக்கியில ஸ்பிரிங், ஸ்பிரிங்ல சேலைத் தொட்டில். உள்ள ஒரு பிஞ்சு, வாயைச் சப்பிக்கிட்டு தூங்குது.

"இந்த ஸ்பிரிங் கடையில வாங்கினதா?"ன்னு கேட்டேன்.

வாசப்படியில நின்ன தங்கப்பிரகாசம் பெருமையா சொன்னான், "கடையில வாங்கறதா? என் ஷெட்ல கிடந்த பழைய இரும்புலேர்ந்து நானே முறுக்கச் சொன்னதும்மா. யானையைப் போட்டாலும் தாங்கும்."

காமாவுக்குத் திருப்பினேன். ஸ்பிரிங்கைப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன்.

"பாப்பாவை எடும்மா."

"என்னக்கா?"

"முதல்ல பாப்பாவை எடு! எடுத்துட்டு அந்தாண்ட போ."

இலக்கியா அள்ளி எடுத்துக்கிட்டு ஹாலுக்கு ஓடினா. "ஐயோ, என்னக்கா இருக்கு? வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து இதுலதானே தூங்கறா!"

"ஸ்பிரிங்ல கதிர் இருக்கு. பழைய இரும்புல ஏதோ கலந்திருக்கு."

"இருக்காது,"ன்னான் தங்கப்பிரகாசம்.

"மாமா, மாடியில உங்க பழைய மீட்டர் இருக்குல்ல!" அவன் வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல, பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டே அந்தப் பொண்ணு மாடிக்கு ஓடி மீட்டரைக் கொண்டாந்துட்டா. மஞ்சப் பெட்டி, கைப்பிடியில கறுப்பு டேப். அந்த டேப் சுத்தினது என் வீட்டுக்காரர். நம்ம வீட்டு டேப்.

ஸ்பிரிங்கிட்ட நீட்டினா. முள்ளு அசையல. பூஜ்யம்.

"அப்பாடி!" அவ உட்கார்ந்தே போயிட்டா. "ஜீரோதான் மாமா, ஜீரோ! அக்கா, உங்களுக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கும். பரவால்ல, பயந்தே போயிட்டேன்."

"என்னை நம்பறதா மீட்டரை நம்பறதான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க,"ன்னேன். "கோர்ட்டே ஒரு தடவை மீட்டரைத்தான் நம்புச்சு."

சொல்லிட்டு அகச்சிவப்புக்கு மாத்தி அவன் முகத்தைப் பார்த்தேன். கன்னம் மங்கிக்கிட்டே வந்துச்சு. மூக்கு கறுப்பாயிடுச்சு. ஆகா, என்ன ஒரு காட்சி! கண்ணைக் கொடுத்தது அந்த ஒரு நிமிஷத்துக்கே தகும்.

பாப்பா சிணுங்க ஆரம்பிச்சுது. இலக்கியா எழுந்து தொட்டில்கிட்ட போனா. சேலையை விரிச்சா. பிள்ளையை இறக்கக் குனிஞ்சா.

"போடாத!" அவன் கத்தின கத்துல பிள்ளை வீறிட்டு அழுதுச்சு.

"ஏன் மாமா? ஜீரோதானே காட்டுது?"

"அது எங்க வெச்சாலும் ஜீரோதான்மா காட்டும்." சுவரைப் பிடிச்சுக்கிட்டான். "உள்ள ஒண்ணும் இல்ல. கதிரைப் பிடிக்கற குழாயை நான்தான் கழற்றிட்டேன்."

"எப்போ?"

"ஷெட்டு ஆரம்பிச்சப்பவே."

இலக்கியா நிமிர்ந்து நின்னா. "அப்போ இதை வெச்சுக்கிட்டு உங்ககிட்ட வேலை பார்த்தவங்க?"

அவனை முந்திக்கிட்டு நான் சொன்னேன். "ஒருத்தர் பேரு அமல்ராஜ். நான் அவர் சம்சாரம். பேட்ஜை எல்லாம் எங்க பூட்டி வெச்சீங்கன்னு உங்க மருமககிட்ட சொல்லுங்க சார். அவங்களும் கேட்கட்டும்."

அப்பதான் என் முகத்தை முதல் தடவையாப் பார்த்தான். சொன்னான். ஈயப் பெட்டி, பேட்ஜு, ரிப்போர்ட் எழுதிக் கொடுத்த ஆளு, எல்லாத்தையும் கொட்டினான். பேத்தி அழுதுக்கிட்டே இருந்துச்சு, அவனும் அழுதான். எனக்கு ஒரு சொட்டு இரக்கம் வரல. வரும்னு நினைச்சேன், வரல.

இலக்கியா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினா. அந்த நேரத்துல அவன் ஸ்பிரிங்கைக் கழற்றிக் கொண்டு போய் உய்யக்கொண்டான் வாய்க்கால்ல வீசிட்டான். எவ்வளவு தேடியும் கிடைக்கல. சாட்சியை அழிச்சான்னு அதுக்கும் ஒரு கேஸ் சேர்ந்துச்சு. அதிகாரிங்க வந்து நல்ல மீட்டரை வெச்சு வீட்டை அலசினாங்க, ஒண்ணும் இல்ல. ஸ்பிரிங்தான் போயிடுச்சே, எப்படி இருக்கும்னாங்க.

கோர்ட்ல எனக்காக வந்து சாட்சி சொன்னது இலக்கியா. புருஷன் தடுத்தும் கேட்கல. "எங்க மாமா என் முன்னாடி சொன்னார்"னு ஒரு வார்த்தை பிசகாம சொன்னா. அவ சொன்னதும் பழைய ஆளுங்களுக்கும் வாய் வந்துச்சு, ஒவ்வொருத்தரா வந்து பேட்ஜ் கதையைச் சொன்னாங்க. அவனுக்கு நீண்ட சிறை. தீர்ப்பு வாசிச்சப்ப நான் கர்ச்சீப்பால வாயை மூடிக்கிட்டேன்.

பாப்பாவுக்கு ஆதிரைன்னு பேர் வெச்சாங்க. இப்போ ஸ்கூல் போறா. ஒவ்வொரு பொறந்த நாளுக்கும் இலக்கியா அவளைக் கூட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வந்துடுவா. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பிள்ளைக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கறா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனாலும் நிறுத்த மாட்டேங்கறா. பல் விளக்கும்போது பக்கத்துலயே நின்னு ஈறைப் பார்ப்பாளாம். இன்னொரு பிள்ளை வேண்டாம்னுட்டா. மாமனார் வீட்டை விட்டுத் தனியா வந்து, வீட்டுல இரும்புச் சாமானே இல்லாமப் பண்ணிட்டா. முப்பது வயசுல தலை பாதி நரைச்சுப் போச்சு.

போன வாரம் வந்தப்ப, பிள்ளையை டிவி முன்னாடி உட்கார வெச்சிட்டு அடுப்படிக்கு வந்து என் கையைப் பிடிச்சா.

"அக்கா, வருஷா வருஷம் கேட்கறேன், கம்மிதான் கம்மிதான்னு மழுப்பறீங்க. இந்தத் தடவை உண்மையைச் சொல்லுங்க. அன்னிக்கு அந்த ஸ்பிரிங்ல எவ்வளவு இருந்துச்சு?"

அவ கை நடுங்குச்சு. அமல்ராஜ் கை நடுங்கின மாதிரியே இருந்துச்சு. என்னையும் அறியாம வாயில வந்துடுச்சு.

"ஒண்ணும் இல்லம்மா. ஒண்ணுமே இல்ல."

அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு சிரிச்சா. "எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்க. எங்க வீட்டு மீட்டரும் இதையேதான்கா சொல்லுச்சு."

நான் சொன்னது சத்தியமான உண்மை. அன்னிக்கு ஸ்பிரிங் இருந்த இடத்துல கும்மிருட்டு. தூசி மாதிரி ரெண்டு புள்ளி, அதுவும் தரை கிரானைட்லேர்ந்து வந்தது. குழாய் கழற்றின அந்தத் திருட்டு மீட்டர், அதோட ஆயுசுல ஒரே ஒரு தடவை சரியாக் காட்டுச்சு. காட்டியும் அவனால நம்ப முடியல. அவன் இருந்ததை இல்லைன்னான், நான் இல்லாததை இருக்குன்னேன். கணக்கு தீர்ந்துச்சுன்னு நினைச்சேன்.

"இல்லம்மா, நிஜமாவே பொய் சொன்னேன், உங்க மாமனாரை மாட்டி விடறதுக்காகச் சொன்னேன்"னு இன்னும் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இவ நம்பிடுவா, இன்னிக்கு ராத்திரியே நிம்மதியாத் தூங்குவா. ஆனா நேரா கோர்ட்டுக்குப் போய் அதையும் ஒரு வார்த்தை பிசகாம சொல்லிடுவா. அப்படிப்பட்ட பொண்ணு. அவன் வெளிய வந்துடுவான்.

ஆதிரை அடுப்படிக்கு வந்து கையை நீட்டினா. ஊசி போட்ட இடத்துல பிளாஸ்திரி. "ஆன்ட்டி, இனிமே எனக்கு ஊசி வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லுங்களேன். நீங்க சொன்னா அம்மா கேட்பாங்க."

பிளாஸ்திரி மேல மெதுவாத் தடவிக் கொடுத்தேன். இலக்கியா என் வாயையே பார்த்துக்கிட்டு நின்னா.

"அம்மா சொல்றபடி கேளு கண்ணு,"ன்னேன்.